எண்ணத் தெரிந்த காற்று

கோயம்புத்தூரில் மழை பெய்யும் விதமே மாறிப்போன வருடங்கள் அவை. நாள் முழுக்கத் தூறுகிற மழையை யாரும் பார்க்கவில்லை. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று நாலைந்து தெருக்களின் மேல் மட்டும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அடுத்த தெருவில் துணி காய்ந்துகொண்டிருக்கும். சரவணம்பட்டியில் இருந்த நீலாம்பரி அடுக்ககத்தின் தரைக்குக் கீழான கார் நிறுத்தத்தில் ஒரே வருடத்தில் இரண்டு முறை இடுப்பளவு தண்ணீர் நின்றது. வானிலை அறிக்கை ஊருக்கு மொத்தமாகச் சொல்லும். இந்தத் தெருவுக்கு இன்னும் கால் மணி நேரத்தில் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

அதைச் சொல்லும் கருவியைச் செய்தவள் ஆறாவது மாடியில் இருந்த சுகிர்தா. மார்த்தாண்டத்துக்காரி. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சொல்லித்தந்தாள். சாயங்காலமானால் சாப்பாட்டு மேசை மேல் பற்றவைக்கும் கோலும் கம்பிகளுமாக உட்கார்ந்துவிடுவாள். அது அவளுக்குப் பொழுதுபோக்கு. காற்றின் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் அப்போது ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குக் கிடைத்தன. சட்டைப் பித்தானை விடக் கொஞ்சம் பெரிது. அதில் ஒன்றை வைத்துக்கொண்டால் அது பாதி நேரம் உளறும். ஆனால் ஒரு கட்டடம் முழுக்க நிறைய ஒட்டி, எல்லாம் சொல்வதையும் சேர்த்துக் கேட்டால் உளறல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், உண்மை மட்டும் மிஞ்சும் என்று அவள் நம்பினாள். வீட்டுக்கு ஒன்றாக ஒட்ட எல்லாரிடமும் அனுமதி கேட்டாள். கார் மூழ்கியவர்கள் முதலில் சம்மதித்தார்கள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

அது வேலை செய்தது. பெருமழைக்கு முன்னால் காற்றழுத்தத்தில் ஒரு குலுக்கல் வரும். உணரிகளின் எண்களை எல்லாம் வாங்கிப் பழகிக்கொள்ளும் சின்னக் கணினி ஒன்று அந்தக் குலுக்கலைப் பிடித்து எல்லாருடைய போனுக்கும் செய்தி அனுப்பும். ஆட்கள் இறங்கிப் போய்க் காரை வெளியே எடுத்துவிடுவார்கள். அந்தப் பருவத்தில் நீலாம்பரியில் ஒரு வண்டி கூட நனையவில்லை. சுகிர்தாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நாச்சிமுத்து. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோடுகளில் குட்டிக்குட்டியாக முள் மாதிரி நிற்பது என்ன என்று கேட்டார்.

"கதவு சார்," என்றாள் சுகிர்தா. "வீட்டுக்குள்ள ஒரு கதவைச் சாத்தினா காத்து கொஞ்சம் அமுங்கும். திறந்தா இளகும். தனி உணரிக்கு அது சரியாத் தெரியாது. இத்தனை சேர்ந்ததும் தெரிய ஆரம்பிச்சிட்டு."

"எந்த வீட்டுக் கதவுன்னுமா?"

"எந்த வீடு, வாசல் கதவா பாத்ரூம் கதவான்னு கூட. இது தானா கத்துக்கிட்டது. நான் சொல்லித் தரல."

அவர் கண்கள் விரிந்தன. திருட்டைப் பிடிக்க இது போதுமே என்றார். அடுத்த வாரமே நிர்வாகக் குழு உறுப்பினர்கள் பார்ப்பதற்கென்று ஒரு பக்கம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டின் கதவும் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று அதில் தெரியும். சுகிர்தாவுக்கு அப்போது அது பெரிய தவறாகப் படவில்லை. தன் கருவி இவ்வளவு கற்றுக்கொண்டதே என்ற பெருமைதான் முன்னால் நின்றது.

சண்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. நான்காவது மாடியில் கல்லூரி போகும் பெண் வகுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்தது அவள் அப்பாவுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. மனைவியை இழந்த ஒரு பெரியவரிடம், மத்தியானத்தில் உங்கள் வீட்டுக்கு யாரோ வந்து போகிறார்களாமே என்று லிஃப்டில் வைத்துக் கேட்டார்கள். பிசியோதெரபி செய்ய வருகிறவர் என்று விளக்கம் சொல்லிவிட்டு அவர் அன்றைக்கே தன் வீட்டு உணரியைப் பிய்த்துக்கொண்டுவந்து சுகிர்தாவின் கையில் கொடுத்தார். கோபப்படவில்லை. மழையில் கார் நனைந்தால் துடைத்துக்கொள்வேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை.

பொதுக்கூட்டம் கூட்டச் சொன்னாள். அங்கே எல்லாருக்கும் முன்னால் கணினியைத் திறந்து, எந்த உணரி எந்த வீட்டில் இருக்கிறது என்ற விவரத்தை அழித்தாள். இனிமேல் எல்லா வீட்டு எண்களும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைந்துதான் வரும். கட்டடத்துக்கு மொத்தமாக மழை வருமா வராதா என்று தெரியும், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாது. கதவுகளின் முள்ளையெல்லாம் இரைச்சல் என்று கணினி ஒதுக்கிவிடும் என்றாள். இதை எந்தக் காரணத்துக்காகவும் மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். நாச்சிமுத்துவுக்கும் வருத்தம்தான். ஆனால் பெரியவர் அடுத்த நாள் வந்து உணரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

வாரங்கள் போயின. ஒரு மழையைக் கருவி தவறவிட்டது. சேதம் பெரிதில்லை, இரண்டு ஸ்கூட்டர்கள் நனைந்தன. ஏன் தவறியது என்று பார்க்கலாம் என, கணினி இரைச்சல் என்று ஒதுக்கிவைத்திருந்ததையெல்லாம் சுகிர்தா எடுத்துப் பார்த்தாள். மழையின் குலுக்கலையும் இரைச்சலோடு சேர்த்து ஒதுக்கியிருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம்.

அந்தக் குப்பையில் வேறு ஒன்று இருந்தது.

ஒரு கதவு. எந்த வீட்டுடையது என்று தெரியாது, ஆனால் முள்ளின் வடிவத்தை வைத்து அதே கதவுதான் என்று சொல்லிவிடலாம். சின்னக் கதவு, அநேகமாகக் குளியலறையாக இருக்கும். அது ஒரு முறை மூடியது. கொஞ்சம் நின்றது. இரண்டு முறை மூடியது. நின்றது. மூன்று முறை. நான்கு. ஐந்து. பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து. காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது என்று முதலில் நினைத்துப் பார்த்தாள். காற்றுக்கு எண்ணத் தெரியாது. முந்தைய நாளைப் பார்த்தாள், இருந்தது. அதற்கு முந்தைய வாரத்திலும் இருந்தது. காலையில் ஏதோ ஒரு வாசல் கதவு சாத்தப்பட்ட பிறகு இது தொடங்கும். சாயங்காலம் அந்தக் கதவு திறப்பதற்கு வெகுநேரம் முன்பே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் அந்த வாசல் கதவு ஒருமுறை கூடத் திறந்ததாகத் தெரியவில்லை. யாரோ வாரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் எழுதிய நிரல் அதை வாரக்கணக்கில் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நாச்சிமுத்துவிடம் போனாள். அவர் திரையைப் பார்த்தார். முட்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"யாரோ கூப்புடறாங்க," என்றார் கடைசியில். "எந்த வீடுன்னு கண்டுபிடிக்க முடியுங்களா, டீச்சர்?"

முடியும் என்றாள். கலைப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு உணரியையும் தனியாகக் கேட்டால் அரை மணி நேர வேலை. ஆனால் எல்லாருக்கும் முன்னால் கொடுத்த வாக்கு அது. ஒருமுறை மீறிவிட்டால் அடுத்த முறை மீறுவதற்கும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும். அப்புறம் கெட்ட காரணமும் கிடைக்கும்.

நாச்சிமுத்து பொறுமை இழந்தார். ஒரு உயிரை விட வாக்கு பெரிதா என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு ஏதோ அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்குப் போகும் வழியில் தீத்தடுப்புக் கதவு இருக்கிறது. கனமான இரும்புக் கதவு. அதை வேகமாகத் தள்ளிச் சாத்தினால் அந்த மாடியில் இருக்கும் வீடுகளின் கதவெல்லாம் ஒருமுறை நடுங்கி அடங்கும். அது எல்லாருக்கும் பழக்கமான எரிச்சல்.

"நாம அவங்களைத் தேட வேண்டாம் சார். நாமளும் எண்ணுவோம். கேக்குறவங்க பதில் சொல்லட்டும். சொல்ல இஷ்டமில்லைன்னா சொல்ல வேண்டாம்."

இருவரும் இரண்டாவது மாடியில் தொடங்கினார்கள். நாச்சிமுத்து கதவைச் சாத்துவார். சுகிர்தா போனில் அந்தக் குப்பைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கதவு அப்போது எண்ணிக்கொண்டுதான் இருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று. நாச்சிமுத்து மூன்று முறை சாத்திவிட்டுக் காத்திருப்பார். எண்ணிக்கை மாறாமல் போகும். அடுத்த மாடி. ஐந்தாவதில் ஒரு அம்மா வெளியே வந்து என்ன சத்தம் என்று சத்தம் போட்டார். கதவுக்கு எண்ணெய் விடணும், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார் நாச்சிமுத்து. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எட்டாவது மாடியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். போதும் என்று சுகிர்தா சொன்னதும், இன்னும் மாடி இருக்கிறது என்று எழுந்துகொண்டார்.

ஒன்பதாவது மாடியில் முதல்முறை சாத்தியதுமே எண்ணிக்கை பாதியில் நின்றது.

இரண்டாவது, மூன்றாவது முறையும் சாத்தினார். அந்த அதிர்வு அடங்கியதும் கோடு அசையாமல் கிடந்தது. பிறகு மூன்று முட்கள், நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

அவள் இரண்டு விரலைக் காட்டினாள். நாச்சிமுத்து இரண்டு முறை சாத்தினார். இரண்டு முட்கள் வந்தன. அவர் கதவின் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார்.

அந்த மாடியில் நான்கு வீடுகள். கடைசி வீட்டின் உள்ளிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே இரும்புக் கிராதி. அதில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். பூட்டிய அந்தக் கடைசி வீட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். முகுந்தன் வீடு. மென்பொருள் கம்பெனியில் வேலை, மரியாதையான ஆள், பெரியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாங்கிக்கொள்வான். மனைவி பிருந்தாவுக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லியிருந்தான். குடிவந்த புதிதில் அவள் ஒருநாள் பால்கனியில் நின்று கத்தினாள். ஓடிவந்தவர்களிடம் அவன் கண்கலங்க மருத்துவச் சீட்டைக் காட்டினான். எங்கேயாவது போய்விடுவாள் என்ற பயத்தில்தான் பூட்டிவிட்டுப் போகிறேன் என்றான். எல்லாரும் அவனுக்காகத்தான் வருத்தப்பட்டார்கள். நாச்சிமுத்துவும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார்.

சுகிர்தா கிராதியில் முகத்தைப் பதித்துக்கொண்டு, நான் ஆறாவது மாடி சுகிர்தா, அந்தக் காற்றுப் பித்தானை ஒட்டியவள் என்றாள்.

உள்ளேயிருந்து வெகு அருகில் ஒரு குரல் வந்தது. "நீங்கதானாக்கா கதவைச் சாத்தினது?"

"ஆமா. கூட செயலாளர் சாரும் இருக்கார். எண்ணினது நீங்களா?"

"நான்தான்." குரல் இன்னும் நெருங்கி வந்தது. "நான் இப்ப கத்தலைக்கா. ரெண்டு பேரும் அதைக் கவனிச்சுக்கோங்க. நான் நிதானமாத்தான் பேசறேன். என் போன் அவர்கிட்ட இருக்கு. சாவி அவர்கிட்ட இருக்கு. நான் வெளிய வரணும்."

நாச்சிமுத்து கிராதிக்கு அருகில் வந்தார். "இருங்கம்மா, இங்கயே இருக்கறனுங்க. போகமாட்டேன்," என்றார்.

பூட்டை உடைத்துவிடலாம் என்று அவர் சொன்னதற்கு சுகிர்தா சம்மதிக்கவில்லை. உடைத்தால் அதையே அவன் பேச்சாக்குவான். பெண்களுக்கான உதவி எண்ணுக்கு அழைத்தாள். மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஓர் உதவி ஆய்வாளரும் காவலர் ஒருவரும் வந்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை நாச்சிமுத்து கிராதியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, உள்ளே இருந்தவளிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தார். சாப்பிட்டாயா, சொந்த ஊர் எது, அங்கே மழை எப்படி. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஊர் தாராபுரம், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள், கல்யாணத்துக்குப் பிறகு விடச் சொல்லிவிட்டான்.

முகுந்தனை வரவழைத்தார்கள். அவன் பதறாமல் வந்தான். அதே சீட்டை எடுத்துக் காட்டினான். உதவி ஆய்வாளர் அதைப் படித்துப் பார்த்தார். தூக்கம் வராததற்கு எழுதித்தந்த மாத்திரை, அதுவும் எப்போதோ எழுதியது. பூட்டைத் திறங்கள் என்றார் அவர். அவன் திறந்தான்.

பிருந்தா வெளியே வந்தாள். முகம் கழுவித் தலை வாரியிருந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தாள். பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இருந்தது. உதவி ஆய்வாளர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் குரல் உயராமல் பதில் சொன்னாள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முகுந்தனைக் கீழே அழைத்துப்போக, லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். சுகிர்தாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வருகிறதா என்று கேட்டதற்கு, இல்லைக்கா, பசிக்குது என்றாள். நாச்சிமுத்துவின் மனைவி உடனே தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார். பிருந்தா எத்தனை தோசை சாப்பிட்டாள் என்று யாரும் எண்ணவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நாச்சிமுத்து வீட்டின் கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன. அவற்றைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவன் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனான். பிருந்தா காந்திபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள், டியூஷன் மையம் ஒன்றில் கணக்குச் சொல்லித்தந்தாள்.

நீலாம்பரியில் பேச்சு வேறு மாதிரிக் கிளம்பியது. டீச்சர் மட்டும் அந்த விவரத்தை அழிக்காமல் இருந்திருந்தால் எந்த வீடு என்று முதல் நாளே தெரிந்திருக்குமே. ஒரு பெண் இத்தனை வாரம் தவித்திருக்க வேண்டாமே என்றார்கள். சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். சுகிர்தாவுக்கே அது சரி என்று தோன்ற ஆரம்பித்தது. வீடு வீடாகக் காட்டும் பழைய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானம் வந்தது. அவள் எதிர்க்கப் போவதில்லை என்று நாச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டாள். இனிமேல் அந்தப் பிடிவாதத்தைத் தூக்கிச் சுமக்கத் தன்னால் முடியாது என்றாள்.

கூட்டத்துக்குப் பிருந்தாவையும் அழைத்திருந்தார்கள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் நன்றி சொன்னாள். தீர்மானத்தைப் படித்ததும் எழுந்து, ஒரு விஷயம் கேட்கலாமா என்றாள்.

"அந்தப் பக்கம் இருந்தப்போ அதைப் பார்க்க யாருக்கெல்லாம் அனுமதி இருந்துச்சு?"

குழு உறுப்பினர்களுக்கு என்றார் நாச்சிமுத்து. சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது.

"அவரும் குழுவில இருந்தார்," என்றாள் பிருந்தா. "தினம் ஆபீஸ்ல இருந்தே பார்ப்பார். சாயங்காலம் வந்ததும் கணக்கு கேட்பார். பால்கனிக் கதவை ஏன் திறந்தே, பாத்ரூம் கதவு ஏன் நாலு தடவை ஆடுச்சுன்னு. அப்படித்தான் எனக்கு அது என்னன்னே தெரியும். ஒரு நாள் ரொம்பக் கோபமா வந்தார். இந்த டீச்சர் எல்லாத்தையும் கலைச்சு விட்டுட்டா, இனி ஒண்ணும் தெரியாதுன்னு கத்தினார்." அவள் சுகிர்தாவைப் பார்த்தாள். "மறுநாள்தான்க்கா நான் எண்ண ஆரம்பிச்சேன்."

சுகிர்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பெருமைப்பட்ட அதே கருவிதான் அந்த வீட்டின் இரண்டாவது பூட்டாக இருந்திருக்கிறது. பிறகு, வாரக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அழித்தது வீணில்லை.

தீர்மானத்தை முன்மொழிந்தவரே எழுந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாச்சிமுத்து இன்னொன்று சேர்க்கச் சொன்னார்: ஒரு வீட்டிலிருந்து யாராவது இப்படி எண்ணிக் கூப்பிட்டால் கணினி அதை இரைச்சல் என்று ஒதுக்காமல் சுகிர்தாவுக்கும் தனக்கும் தெரிவிக்க வேண்டும், எந்த வீடு என்று அது சொல்ல வேண்டியதில்லை, நான் மாடி மாடியாக ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது நிறைவேறியது.

கூட்டம் முடிந்து சுகிர்தா பிருந்தாவைத் தன் ஸ்கூட்டரில் விடுதிக்குக் கொண்டுபோய் விட்டாள். வழியில், யாருமே பார்க்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டாள். தெரியலக்கா என்றாள் பிருந்தா. தினம் எண்ணி முடிக்கும்போது, தான் இன்னும் கணக்கு டீச்சர்தான் என்று ஞாபகம் வரும். அதுக்காகவாவது எண்ணியிருப்பேன் என்றாள்.

விடுதி வாசலில் இறங்கியதும் சுகிர்தா, இடம் வசதியாக இருக்கிறதா, பாதுகாப்பாக இருக்கிறதா என்று விசாரித்தாள்.

"சாப்பாடு சுமார்தான்," என்றாள் பிருந்தா. "ரூம்ல மூணு பேர். ஒருத்தி குறட்டை விடறா. கதவு வேற மழையில உப்பிப்போய்ச் சாத்தவே மாட்டேங்குது. காத்து பாட்டுக்கு வருது, போகுது." அவள் சிரித்தாள். "நல்லாத் தூங்கறேன்க்கா."